ஒலி மட்டும்

லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு, அடியிலிருந்த காற்றுத் துளைகளில் வாயை வைத்து ஊதிக்கொண்டிருந்தாள் மகள். ஒவ்வொரு ஊதலுக்கும் உள்ளேயிருந்து வெள்ளையாகக் கிளம்பி வந்தது. கல்தூசி. அந்த வரிசை வீடுகளில் அது புகாத பொருள் கிடையாது. தண்ணீர்க் குடத்தின் விளிம்பில் இருக்கும், மடித்து வைத்த துணிக்குள் இருக்கும், பல்லுக்கு நடுவில் இருக்கும்.

"அந்தப் பக்கம் திரும்பி ஊதேன்டி. அவருக்கு இருக்கிற கொஞ்ச மூச்சையும் நீயே நிறுத்திடுவ போல."

அம்மா கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்து, அப்பாவின் முகமூடி நழுவாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். முகமூடியின் குழாய் தரையில் இருந்த ஆக்ஸிஜன் மிஷினில் போய் முடிந்தது. மிஷின் கிழட்டு நாய் மாதிரி விடாமல் உறுமியது. காலையில் வந்த நர்ஸ் அப்பாவின் நகத்தை அழுத்திப் பார்த்தாள். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டுதான் பேசினாள்: "சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க. பாக்க வேண்டியவங்க பாத்துக்கட்டும்."

பார்க்க வேண்டியவன் ஒருத்தன்தான். அவன் கடல் தாண்டி ஒரு குளிர்கிடங்கில் இறைச்சிப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். பாஸ்போர்ட் கம்பெனிக்காரன் அலமாரியில் இருந்தது. கேட்டால் தருவான், ஒரு வாரம் இழுத்தடித்துத் தருவான். அப்பாவிடம் ஒரு வாரம் இல்லை.

மகள் லேப்டாப்பை நிமிர்த்தி வைத்துத் திறந்தாள். அவள் கைபேசி திரையில் மேலிருந்து கீழாக விரிசல். அதில் ஆளைப் பார்த்தால் மூக்கு ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமும் தெரியும். அப்பாவுக்குக் கண்ணும் மங்கல். அதனால் பெரிய திரைதான் வேண்டும் என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

அண்ணன் வந்தான். தலையில் கம்பளிக் குல்லாய், மேலே தடித்த நீலக் கோட்டு, பின்னால் வெள்ளைப் பெட்டிகளின் சுவர். வாயைத் திறந்தான். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

"அ... அ... ப்... ப்... கே... கே..."

குரல் தகர டப்பாவில் உருட்டிய கூழாங்கல் மாதிரி துண்டுதுண்டாக விழுந்தது. பிறகு நான்கு வார்த்தை ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு ஓடி வந்தன. படம் அசையவில்லை.

"என்னடி இது, பேயடிச்ச மாதிரி நிக்கிறான்" என்றாள் அம்மா.

"நெட்டு இழுக்குதும்மா. இரு, சரி பண்றேன்."

சரி பண்ணுவதுதான் அவள் பிழைப்பு. டவுனில் ஒரு மாடியில், தலைக்கு மேல் ஏசி கொட்ட, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களின் கம்ப்யூட்டர்களைச் சரி செய்வாள். படம் நிக்குதா? குரல் விக்குதா? மேடம், முதல்ல திறந்திருக்கிற மத்த விண்டோ எல்லாத்தையும் மூடுங்க. சார், பின்னாடி ஏதாவது அப்டேட் ஓடுதா பாருங்க. சார்ஜர் மாட்டியிருக்கா? பேட்டரியில ஓடினா அது தன்னைத்தானே மெதுவாக்கிக்கும். கோபப்படாதீங்க சார், உங்களுக்காகத்தான் இருக்கேன். இதெல்லாம் அவளுக்குத் தூக்கத்திலும் வரும். ஒரு தடவை தூக்கத்தில் "உங்களுக்காகத்தான் இருக்கேன் சார்" என்று சொல்லி, அம்மா அவளை உலுக்கி எழுப்பி எவன்டி அந்த சார் என்று கேட்டிருக்கிறாள்.

இன்றைக்கு அவளே மேடம், அவளே சார். திறந்து கிடந்த விண்டோக்களை மூடினாள். அப்டேட் ஒன்று திருட்டுத்தனமாக ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தினாள். சார்ஜர் மாட்ட வழியில்லை. அறையில் இருந்த ஒரே பிளக்கில் ஆக்ஸிஜன் மிஷின். பக்கத்து வீட்டுத் தையல்காரக்காவிடம் ஓடி நீட்டு வயர் வாங்கி வந்து, அவள் வீட்டு பிளக்கிலிருந்தே சன்னல் வழியாக இழுத்து மாட்டினாள். நெட்டும் தையல்காரக்காவுடையதுதான்.

"அக்கா, மாமா ஏதாவது படம் பாத்துட்டு இருக்காரா?"

"அந்தாளு எப்பப் பாக்கல? இரு." சுவருக்கு அப்பால் தையல்காரக்காவின் குரல் கேட்டது. "யோவ், அதை அணைய்யா. அங்க மனுசன் சாகக் கெடக்கிறான், உனக்குச் சண்டைப் படம் கேக்குதா?"

வெடிச் சத்தம் நின்றது.

அப்போதும் அண்ணன் விட்டுவிட்டுத்தான் வந்தான். இமைக்கும்போது நின்றான், திரும்பும்போது கரைந்தான். "வா... லு... கே... குதா..." வாலு என்றால் இவள்தான். எட்டு வயதில் அவன் பின்னாலேயே சுற்றியதற்கு அவன் வைத்த பெயர்.

"எனக்குப் பத்து நிமிசம்தான் பிரேக்கு. அப்பா... அப்பா சத்தம்... கேட்டா போதும் வாலு... ஒரு... ஒரு வார்த்தை..."

இதைச் சொல்வதற்கே அவனுக்குப் பாதி பிரேக் போய்விட்டது.

அப்பா தலையணையில் உயர்ந்து படுத்திருந்தார். கண் திரையில் இருந்தது. மகனைப் பார்க்கிறார் என்பது நிச்சயம். கன்னத்துத் தசை ஒன்று முகமூடிக்குள் துடித்தது. காது மட்டும் அவருக்குக் கிடையாது. காதைத் தின்றது கல்லுடைக்கிற கிரஷர், நுரையீரலைத் தின்றதும் அதுதான். முதலில் காது போனது, அதனால் நுரையீரல் போகும் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. அப்படித்தான் அவரே சொல்லிச் சிரிப்பார், சிரிப்பு இருமலாகும்வரை.

கல் உடைக்கும் அந்த ஷெட்டுக்குள் நின்றால் பக்கத்தில் இருப்பவன் கத்துவதுகூடக் கேட்காது. அங்கே எல்லாரும் கையால்தான் பேசுவார்கள். மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறான். கட்டைவிரலை வாயில் கவிழ்த்தால் தண்ணீர். கழுத்தில் கையை வைத்து அறுத்தால் கல் ஏறி ஓடும் பெல்ட்டை நிறுத்து. வீட்டுக்கு வந்தும் அப்பா பாதி கையாலேயே பேசுவார். மகளுக்கு அதில் சாப்பாடு, தண்ணீர், கதவைச் சாத்து, இவ்வளவுதான் தெரியும். அண்ணனுக்கு முழுசும் தெரியும். அவன் அங்கே ஒன்றரை வருசம் பெல்ட் சுவிட்சில் நின்றவன்.

நின்றவன் ஒரு மத்தியானம் சுவிட்சை விட்டுவிட்டுப் போய்விட்டான். வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கிற ஏஜண்டின் வண்டி அன்றைக்குத்தான். அந்த ஷெட்டில் ஒரு சட்டம் உண்டு, முதலாளி போட்டதல்ல, தொழிலாளிகளே போட்டது. சுவிட்சில் ஆள் இல்லாமல் இருக்கக் கூடாது. பெல்ட் உருளையில் கல் சிக்கினால் அப்பா நிறுத்தச் சொல்லிக் கழுத்தை அறுத்துக் காட்டுவார், உடனே உருளைக்குள் கையை விடுவார். சுவிட்ச் பக்கம் திரும்பிப் பார்க்கிற வழக்கம் இல்லை. அத்தனை வருசத்தில் சுவிட்சில் ஆள் இல்லாமல் இருந்ததே இல்லை. அன்றைக்கும் அறுத்துக் காட்டினார், கையை விட்டார். பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் போயின.

மகன் வெளிநாடு போய்ச் சேர்ந்த பிறகுதான் அவனுக்குச் சேதி போனது. அதற்கப்புறம் அவன் ஊருக்கு வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்பான். அப்பா அவனைப் பற்றி நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்குத்தான் காது கேட்காதே, போனில் என்ன பேசுவார் என்று அம்மா, மகன், மகள் மூன்று பேருமாகச் சொல்லிச் சொல்லி அதையே உண்மையாக்கி வைத்திருந்தார்கள்.

"வாலு... என்ன... ஆச்சு..."

மகள் கடைசி வழிக்கு வந்தாள். தினமும் யாருக்காவது சொல்வதுதான். எதுவுமே சரியாகவில்லை என்றால் வீடியோவை நிறுத்திவிட்டு ஆடியோ மட்டும் வையுங்கள் மேடம், குரல் தெளிவாகிவிடும். அவனும் குரல்தான் கேட்டான். அவள் தங்கள் பக்கக் கேமராவை அணைத்தாள்.

உடனே சரியானது. அண்ணனின் படம் ஒழுங்காக அசைந்தது. குரல் பக்கத்து அறையிலிருந்து வருகிற மாதிரி வந்தது.

"ஆங், இப்ப கேக்குது வாலு. நல்லா கேக்குது. மிஷின் சத்தம்கூடக் கேக்குது."

அவளுக்கு ஒரு கணம் சந்தோஷமாகவே இருந்தது. இவ்வளவு நேரம் மல்லுக்கட்டியதற்குப் பலன். லேப்டாப்பை அப்பாவின் மார்புக்கு அருகில் பலகையில் தூக்கி வைத்து, அவள் பக்கவாட்டில் மண்டியிட்டு, முகமூடியை ஓரமாக விலக்கினாள்.

"அப்பா, பேசுங்க. அண்ணனுக்குக் கேக்குது. ஏதாவது சொல்லுங்கப்பா."

அப்பா திரையைப் பார்த்தார்.

"அப்பா" என்றான் அண்ணன். "அப்பா, நான்தான்." கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான். "மருந்தெல்லாம் சரியா குடிக்கிறீங்களா?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சாகப்போகிறவனிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் வேறு எந்தக் கேள்வியை அவன் கேட்டிருக்க முடியும்?

திரையின் மூலையில் நெட்டின் கோடுகள் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கின. மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கிவிடாதே, இறங்கிவிடாதே. அப்பாவின் கை எழும்பியதை அவள் ஓரக்கண்ணால்தான் பார்த்தாள். போர்வை விலகியது. கை மேலே போனது, இறங்கியது, மறுபடி போனது. மூச்சு முட்டுகிறது போல என்று நினைத்தாள்.

"இருண்ணா, பேசப் போறாரு. மூச்சு வாங்குது."

"பரவால்ல, மெதுவா பேசட்டும். நான் இருக்கேன். அப்பா, நான் இருக்கேம்ப்பா."

அப்பாவின் தொண்டையிலிருந்து மணலைச் சலிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். அண்ணன் அதையும் காதைத் திரைக்கு அருகே கொண்டுவந்து கேட்டான். கை ரொம்ப நேரம் கழித்துப் போர்வையின் மேல் விழுந்தது. அப்பா திரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்தப் பக்கம் ஏதோ மணி அடித்தது. "கூப்பிடுறாங்க. சாயங்காலம் வர்றேன் வாலு. அவரு பேசினா ரெக்கார்டு பண்ணி வை."

"குரல் தெளிவா இருந்துச்சுல்ல?"

"தெளிவா இருந்துச்சு."

வெயில் கட்டில் கால்வரை வந்த நேரத்தில் அப்பா போனார். போகும்போது எந்தச் சத்தமும் இல்லை. மிஷின் உறுமிக்கொண்டே இருந்ததால் அம்மாவுக்கு உடனே தெரியவில்லை. அவள் முகமூடியைச் சரி செய்தாள், இன்னொரு தரம் சரி செய்தாள். பிறகுதான் கையை எடுத்தாள்.

"அதை நிறுத்துடி" என்றாள். "சும்மா கத்துது."

மகள் மிஷினை நிறுத்தினாள். அப்போதுதான் கிரஷரின் சத்தம் அறைக்குள் கேட்டது. எப்போதும் இருக்கிற சத்தம். அதன் பிறகுதான் அம்மா அழுதாள்.

சாவு வந்த வீட்டில் வேலைக்குப் பஞ்சமில்லை. கட்டிலை நடுவுக்கு இழுக்க வேண்டும். பாத்திரங்களை எடுத்து ஒதுக்க வேண்டும். நாற்காலி சொல்ல வேண்டும். டாக்டரிடம் சான்றிதழ் வாங்க ஆள் அனுப்ப வேண்டும். தையல்காரக்கா வந்து எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டாள். அவள் புருசன் நாற்காலி தூக்கினான். அடக்கம் நாளைக் காலையில் என்று முடிவானது. மகள் அண்ணனுக்கு ஒரு வரி அனுப்பினாள். "அப்பா போயிட்டாரு." அந்தப் பக்கம் அது போய்ச் சேர்ந்ததற்கான குறி விழுந்தது.

ஷிப்ட் முடிந்து கிரஷர் ஆட்கள் நேராக வந்தார்கள். தலைமுடி, புருவம், இமை, சட்டை எல்லாம் வெள்ளை. குழாயடியில் முகம் மட்டும் கழுவியிருந்தார்கள். கழுவிய முகங்கள் அந்த வெள்ளைக்கு நடுவில் ஒட்ட வைத்த மாதிரி இருந்தன. முன்னால் வந்தவருக்குக் கொட்டாவி என்று பெயர். சொந்தப் பெயர் அவர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். அப்பாவோடு அதே உருளையின் மறுபக்கம் நின்றவர். எப்போது பார்த்தாலும் கொட்டாவி விடுவார். முதலாளி திட்டும்போதும் விட்டதால் ஒரு நாள் சம்பளம் இழந்தவர்.

இன்றைக்கு அவர் கொட்டாவி விடவில்லை. கட்டில் அருகே நின்று அப்பாவைப் பார்த்தார். "நல்லா தூங்குடா" என்று சாதாரணமாகச் சொன்னார். கிரஷர்காரர்களுக்கு அவர்களுக்கே தெரியாமல் சத்தம் பெரிதாக வரும். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மகன்கிட்ட ஏதாவது பேசினானா இவன்?"

"எங்கண்ணே பேச?" என்றாள் அம்மா. அழுது அழுது குரல் தேய்ந்திருந்தது. அவருக்குக் கேட்க வேண்டுமே என்று அருகில் போய்க் காதோரம் சொன்னாள். "அவனைக் காட்டினா இவ. கடைசி வரைக்கும் அந்தக் கோவம் போகலண்ணே இந்த மனுசனுக்கு. போ போன்னு வெரட்டினாரு."

மகள் தண்ணீர் கொண்டுவந்தவள் நின்றாள். "யாரும்மா வெரட்டினா?"

"அப்பாதான். நீ பாக்கல? கையால காட்டினாரே. எத்தனை தடவை! அவனும் பாத்துக்கிட்டு மரமாட்டம் நிக்கிறான். பதிலுக்கு ஒரு கையத் தூக்கல. பெத்தவன் வெரட்டினா புள்ள என்ன பண்ணும்?" அம்மா மூக்கைச் சிந்தினாள். "நீ அவன்கிட்ட அதைப் பத்திப் பேசாத. தூங்குற மாதிரி போனாருன்னு சொல்லு."

மகள் தம்ளர்களைத் தரையில் வைத்தாள். அண்ணன் பார்க்கவில்லை. அண்ணனுக்குத் தெரிந்தது கறுப்புத் திரை, அதன் நடுவில் அவள் பெயரின் முதல் எழுத்து. அப்பாவுக்கு அவன் தெரிந்தான். ஒழுங்காக, தெளிவாக, அசைந்துகொண்டு, காதைச் சாய்த்துக்கொண்டு, கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு. கையால் பேசுகிறவருக்கு அவள் குரல் வழியைத் திறந்துவிட்டு, மற்றதை அடைத்தாள். அவரிடம் இருந்த ஒரே வாயை அடைத்தாள்.

கொட்டாவி அவள் முகத்தைக் கவனிக்கவில்லை. அவர் அம்மாவைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"எப்படி வெரட்டினான்? காட்டு தங்கச்சி."

"என்னத்தக் காட்ட..."

"காட்டு, காட்டு."

அம்மா வலது கையைத் தூக்கினாள். ஆள்காட்டி விரலால் கண்ணுக்குக் கீழே தொட்டாள். எதிரே நீட்டினாள். பிறகு கையைத் திருப்பிப் புறங்கையால் வெளியே தள்ளினாள். கடைசி இரண்டு விரல்களையும் உள்ளங்கைக்குள் மடக்கியே வைத்திருந்தாள்.

"அந்த ரெண்டு வெரலை ஏன் மடக்குற?"

"அவருக்குத்தான் இல்லையே" என்றாள் அம்மா.

கொட்டாவி நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர்த் தம்ளரை எடுத்தார், குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு வாட்டி காட்டு."

அம்மா காட்டினாள்.

"வெரட்டுறதுன்னா உள்ளங்கையால தள்ளணும். இது புறங்கை." அவர் குரலை எவ்வளவு குறைத்தும் அது வாசல்வரை போனது. "சுவிட்சுல நிக்கிறவனுக்கு அவசரமா எங்கயாவது போகணும்னா ஒத்தை வெரலைத் தூக்குவான். எதிர்ல இருக்கிறவன் இப்படிக் காட்டணும். 'நான் பாத்துக்கறேன். உன் எடத்தை. நீ போ.' இதைக் காட்டினாத்தான் அவன் போலாம். காட்டாம போகக் கூடாது."

வாசலில் இருந்த கிரஷர் ஆட்களில் இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள்.

"அண்ணன் காட்டச் சொல்லாமத்தானே போனான்?" என்றாள் மகள். "வெரல் தூக்காமத்தானே போனான், எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க?"

கொட்டாவி தம்ளருக்குள் பார்த்தார்.

"தூக்கினான்" என்றார்.

"என்ன மாமா?"

"தூக்கினான்மா. ரொம்ப நேரம் தூக்கிக்கிட்டே நின்னான். உங்கப்பன் பாத்தான். பாத்துட்டு, பாக்காத மாதிரி கல்லு பக்கம் திரும்பிட்டான். வண்டி போயிட்டா புள்ள போகமாட்டான்னு ஒரு கணக்கு." அவர் தண்ணீரைக் குடித்தார். "நான் உருளைக்கு இந்தப் பக்கம் நின்னேன். எனக்குக் கண்ணு இருக்கு."

"இத்தனை வருசமா சொல்லலையே மாமா."

"அவனே சொல்லாததை நான் எப்படிச் சொல்றது?"

அம்மா கட்டிலைப் பார்த்தாள். மடக்கிய விரல்களை இன்னும் விரிக்கவில்லை. "இந்த மனுசன்" என்று ஆரம்பித்தாள். அப்பாவின் மேல் கிடந்த துணியை இழுத்து, வெளியே தெரிந்த பாதத்தை மூடினாள்.

விளக்கு போடுகிற நேரத்தில் லேப்டாப் அடித்தது. மகள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூங்குகிற மாதிரி போனார் என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. கேமரா விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அம்மாவுக்கு அந்தக் குறுக்குக் கோடு போட்ட பொத்தானின் அர்த்தம் தெரியாது, சாகும்வரை தெரியப்போவதில்லை. ஆனால் அண்ணன் ஒற்றை விரலைத் தூக்கிக்கொண்டு நின்றது இன்னும் முடியவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. இவ்வளவு வருசமாக அவன் அதை இறக்கவே இல்லை. லீவு கிடைக்கவில்லை, லீவு கிடைக்கவில்லை என்று அங்கேயே நிற்கிறான்.

"எடுடி" என்றாள் அம்மா.

எடுத்தாள். கேமராவைப் போட்டாள். அண்ணன் அதே குல்லாயில், அதே பெட்டிச் சுவருக்கு முன்னால். கண் வீங்கியிருந்தது. உடனே விக்க ஆரம்பித்தது.

"வா... வாலு... கடைசியா... ஏதா... ஏதாவது..."

"சொன்னாரு" என்றாள். "அண்ணா, காலையில நீ பாக்கல. நான்தான் கேமராவை நிறுத்திட்டேன். குரல் நல்லா கேக்கட்டும்னு. அவரு கையால பேசினாரு. நான் கவனிக்கல."

"என்... என்ன... கே... கேக்கல... மறு... மறுபடி..."

அவள் மறுபடி சொன்னாள். பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கும். அவன் முகம் நின்று நின்று, சதுரம் சதுரமாக உடைந்து கூடியது. அவள் சட்டென்று கையை நீட்டி ஒலியை நிறுத்தினாள். அந்தப் பக்கத்துக்கும் நிறுத்தச் சொல்லித் தன் காதைப் பொத்திக் காட்டினாள். அவன் புரிந்துகொண்டான். படத்தின் தரத்தைக் குறைத்தாள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, அசைந்தால் போதும். மெல்ல மெல்ல அவன் அசைய ஆரம்பித்தான்.

"அம்மா, இங்க வா. மாமாகிட்ட காட்டினியே, அதை இவன்கிட்ட காட்டு."

"எனக்கு சரியா வராதுடி. கொட்டாவி அண்ணனையே காட்டச் சொல்லு."

கொட்டாவி வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். வேண்டாம் என்று தலையாட்டினார். "என் கையில வெரல் முழுசா இருக்கு. நீயே காட்டு தங்கச்சி. அவன் காட்டினபடியே காட்டு."

அம்மா திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். பையனைப் பார்த்ததும் அவள் வாய் கோணியது. சமாளித்துக்கொண்டு கையைத் தூக்கினாள். இரண்டு விரலை மடக்கினாள். கண்ணுக்குக் கீழே தொட்டாள். எதிரே நீட்டினாள்.

"கொஞ்சம் கீழ" என்றார் கொட்டாவி. "ஆளைக் காட்டாத. அவன் நிக்கிற எடத்தைக் காட்டு."

அவள் கையைத் தாழ்த்தினாள். மறுபடி முதலிலிருந்து செய்தாள். கண். இடம். பிறகு புறங்கையால் மெதுவாக வெளியே தள்ளினாள், குழந்தையைப் பள்ளிக்கூட வாசலில் விடுகிற மாதிரி. அப்பா அப்படிச் செய்திருக்க மாட்டார். அது அவள் சேர்த்தது.

அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தான். தலை ஆடவில்லை, இமைகூட இறங்கவில்லை. அம்மா இன்னொரு தரம் செய்து காட்டினாள். அவன் அப்படியே நின்றான்.

"மறுபடி மாட்டிக்கிச்சாடி?" என்றாள் அம்மா.

மகள் குனிந்து பார்த்தாள். அவன் பின்னால் ஒரு வண்டி மெதுவாகப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு குறுக்கே போனது.

"இல்லம்மா" என்றாள். "ஓடுது."

அவன் வாயிலிருந்து குளிரில் மூச்சு வெள்ளையாக வந்துகொண்டிருந்தது.